நாலு வீட்டுக்கும் சொன்னது

நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம். புதன்கிழமை மாலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டுக்காரர் சென்னகேசவன் லைனுக்கு வந்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நாலு வீட்டையும் காலி செய்து சாவி தரவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்புவதற்குள் நான் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டேன். எட்டு நாள் என்றால் கொஞ்சம் அவகாசம் இருப்பதுபோலத் தோன்றும். மணியாக்கி, அதில் தூக்கம், வேலை, சமையல், தண்ணீர் பிடிப்பது எல்லாவற்றையும் கழித்தால், ஒரு குடும்பம் வீடு தேட முப்பது மணி நேரம்கூட மிஞ்சாது.

மரியாதையாகத்தான் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டடம் பழசாகிவிட்டது, மழை பெய்தால் ஒழுகுகிறது, இடித்துக் கட்டப்போகிறார். ஆடி பிறந்துவிட்டால் யாரும் குடி மாற மாட்டீர்கள், ஒரு மாதம் வீணாகும். அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறார், எல்லாம் எங்கள் நல்லதுக்கு. "ஏனுங்க அரங்கசாமி, என்னையத் தப்பா நெனச்சுக்காதீங்க" என்று அப்பாவிடம் மூன்று முறை சொன்னார். அடுத்த மூன்று வாசல்களிலும் அதே வார்த்தைகள், அதே வரிசையில். நாலாவது வாசலில் அவை பாடம் ஒப்பிப்பதுபோல வேகமாக வந்தன.

சிங்காநல்லூரில் ஒரு மில் காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்தது எங்கள் லைன். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நாலு வீடு, பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். முதல் வீடு எங்களுடையது. வேலை பார்த்த மில் மூடியபிறகு அப்பா ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருந்தார். நான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்துவிட்டு ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை பார்த்தேன். இரண்டாவது வீட்டில் அப்துல் வஹீது மாமா. மோட்டார் காயில் கட்டுபவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை அறுத்தெடுத்து, புதுத் தாமிரக் கம்பியைச் சுற்று சுற்றாக எண்ணிச் சுற்றி மறுபடி ஓட வைப்பார். அவர் மனைவி ஜன்னத்தக்கா. மகள் நிதா பிளஸ் டூ படித்தாள், என்னிடம் கெமிஸ்ட்ரி கேட்டுக்கொள்ள வருவாள். மூன்றாவது வீட்டில் டவுன் பஸ் கண்டக்டர் ஈஸ்வரமூர்த்தி அண்ணன், மனைவி குழந்தைகளோடு. கடைசி வீட்டில் சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற ராசாத்தாக்கா, தனி ஆள்.

அன்று மாலையே எல்லோரும் எங்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்குத்தான் கோபம் அதிகம். எட்டு நாளில் ஒரு சட்டை தைத்து வாங்க முடியாது, வீடு எங்கே பார்ப்பது என்றார். பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவனைக்கூட அடுத்த ஸ்டாப் வரும்வரை வைத்துக் கூட்டிப்போகிறோம், இவர் ஓடுகிற வண்டியிலிருந்து தள்ளிவிடுகிறாரே என்றார். வஹீது மாமா சிரித்தார். ராசாத்தாக்கா வெற்றிலையை மென்றபடி கேட்டது மட்டும் எனக்கு வேறு மாதிரி பட்டது.

"ஆடியில எவன் ஊடு இடிப்பான்? இடிக்கறதுன்னா ஆவணிக்குத்தான் இடிப்பான். அப்பறம் என்ன அவசரம் இந்த மனுசனுக்கு?"

ஆடியில் யாரும் கடைக்கால் தோண்ட மாட்டார்கள், பழைய சுவரில் ஆணிகூட அடிக்க யோசிப்பார்கள். இது எங்கள் மூன்று வீட்டுக்கும் தெரியும். வஹீது மாமா அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆடி அவருக்கு ஜூலை, ஆகஸ்ட், அவ்வளவுதான்.

நோட்டீஸுக்குப் பதில் எழுதிக் கொடுக்கலாம் என்றது அவர்தான். "நாலு பேரும் கையெழுத்துப் போட்டு மரியாதையாக் கேப்போமுங்க. சண்டை வேண்டாம். கலா கண்ணு எழுதட்டும், படிச்ச புள்ள." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. எழுதுவது என்றால் சரி.

மறுநாள் வேலை முடிந்து நூலகத்துக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினேன். மாத வாடகைக்குக் குடியிருப்பவருக்குக் குறைந்தது பதினைந்து நாள் முன்னதாக எழுத்தில் நோட்டீஸ் தரவேண்டும், அந்தக் கெடுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடியவேண்டும் என்று இருந்தது. அப்படிப் பார்த்தால் அவர் வாயால் சொல்லிவிட்டுப் போனது நோட்டீஸே இல்லை. லேப் ரிப்போர்ட் எழுதுகிற கையெழுத்தில் ஒரு முழு வெள்ளைத்தாளில் எழுதினேன். பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதமே ஆகியிருப்பதையும், ஆவணி பிறந்ததும் நாங்களே சாவியைக் கொண்டுவந்து கொடுப்போம் என்பதையும் சேர்த்தேன். நாலு கையெழுத்து விழுந்தது. ராசாத்தாக்கா தன் பெயரை எழுத இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். வஹீது மாமா எழுத்துகளை அழுத்தி எழுதியதில் தாளின் பின்பக்கம் மேடு தட்டியது. ஈஸ்வரமூர்த்தி அண்ணன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை, ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், வீட்டுக்காரரின் மனைவி கனகம் பின்வாசல் வழியாக எங்கள் அடுப்படிக்குள் வந்தார். நாங்கள் குடிவந்த ஒன்பது வருடத்தில் அவர் எங்கள் அடுப்படிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னத்தக்கா தொழுகைக்கு நிற்கிற நேரம் அது. அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார் என்று பிறகு தோன்றியது. நான் முன்னறையில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தியதால்தான் காது கொடுத்தேன்.

"நீங்க எங்கயும் போக வேண்டாம் ரங்கம்மா. உங்களுக்குச் சொன்னது சும்மா. எங்க பையன் சசிதருக்குப் பொண்ணு பாத்திருக்கறோம். பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தவங்க, லைன்ல யாராரு இருக்கறாங்கன்னு கேட்டாங்க. இப்ப இருக்கற நெலமையில நாங்க என்னன்னு சொல்றது? பாய் தங்கமான மனுசன். எங்க போர் மோட்டாருக்கு ஒரு தடவ கூலி வாங்கினதில்ல. அவர் மூஞ்சியப் பாத்து நீங்க மட்டும் போங்கன்னு சொல்றதுக்கு இவருக்கு வாய் வரல. அதான் நாலு ஊட்டுக்கும் சொல்லிப்போட்டாரு."

அம்மா என்ன கேட்டாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கனகத்தின் பதில் கேட்டது. பாய் வீட்டுக்கு அவர்கள் ஆட்கள் இருக்கிற பக்கம் வீடு கிடைக்கும், அவர்களுக்கும் அதுதானே பாதுகாப்பு என்றார். போகும்போது நின்று, இன்னொன்றும் சொன்னார்.

"அவங்க போற வரைக்கும் நீங்களும் ரெண்டு பொட்டி கட்டி வாசல்ல வெச்சுக்குங்க அம்மணி. பாக்கறதுக்கு ஒண்ணாட்டமே இருக்கும்."

அங்கிருந்து மூன்றாவது வீட்டுக்கும், அப்புறம் நாலாவது வீட்டுக்கும் போனார். இரண்டாவது வீட்டின் பின்கதவை அவர் தாண்டிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் கொலுசு போட்டிருந்தார். அங்கே நடை கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

அப்பா டூட்டிக்குக் கிளம்பும் முன் அம்மா அவரிடம் சொன்னாள். அவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார். அவர் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. அதை அவரே உணர்ந்து சட்டென்று குனிந்துகொண்டார். வஹீது மாமாவிடம் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அந்த வீட்டில் நான் அவ்வளவு சத்தமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"சொல்லிப்போட்டு?" என்றார் அப்பா. "பாய் நேரா அங்க போய்க் கேப்பாரு. ஊட்டுக்காரரு அந்தக் கடுப்புல நம்மளையும் நெசமாவே போன்னுவாரு. நிலையா ஒரு சம்பளமில்லாதவனுக்கு இந்த ஊருல எவன் ஊடு குடுப்பான் கண்ணு?"

அவர் சொன்னது உண்மை. அந்த உண்மையை வைத்துக்கொண்டு என் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சென்னகேசவன் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லியிருந்தால் எதிர்த்து நின்றிருப்போம். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எங்கள் நாலு பேரின் பயத்தையும் வாங்கி, ஒருவரை வெளியே தள்ளுவதற்கு வைத்துக்கொண்டார். மூன்று பேருக்கு மட்டும் பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை குழாயடியில் வஹீது மாமா கடிதத்தைப் பற்றி விசாரித்தார். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் குடத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். அந்தக் குடம் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. சட்டையை எடுத்து ஊறப் போட்டுவிட்டார்கள், தாளும் சேர்ந்து கரைந்துவிட்டது என்றார். இன்னொன்று எழுதலாமே என்று மாமா என்னைப் பார்த்தார். அதற்குள் அண்ணன், எழுதி என்னங்க ஆகப்போகுது, பெரிய மனுசங்ககிட்ட மோதி நமக்குக் கட்டுபடி ஆகுங்களா என்று சிரிக்க முயன்றார். மூன்று நாளைக்கு முன்னால் ஓடுகிற வண்டி, டிக்கெட் என்று பேசிய அதே வாய். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி விடுங்க. நாலு பேரும் போய் நின்னா அவருக்கும் சங்கடந்தான்" என்றார்.

அந்த வார்த்தையை நான் மன்னிக்க ரொம்ப நாள் ஆயிற்று. மாமாவை அல்ல. அவரை அப்படிச் சொல்ல வைத்த எங்களை.

எங்கள் வாசலில் இரண்டு அட்டைப்பெட்டி வந்து உட்கார்ந்தன. புதன்கிழமை நோட்டீஸ் வந்ததும் அம்மா பயந்துபோய்ப் பித்தளைப் பாத்திரம், ஊறுகாய் ஜாடி என்று உண்மையாகவே கட்டி உள்ளே வைத்தவைதான். சனிக்கிழமை அவற்றை வாசலுக்கு நகர்த்த அப்பாவும் அம்மாவும் சேர்ந்து பிடிக்கவேண்டியிருந்தது. அப்புறம் தினமும் சமைக்கும்போது ஒவ்வொன்றாகத் தேவைப்பட்டது. கயிற்றைத் தளர்த்தி ஒரு குண்டா, பிறகு ஒரு அடுக்கு, பிறகு ஜாடி. எடுத்துவிட்டுக் கயிற்றை மறுபடி அதே மாதிரி கட்டுவாள். ஈஸ்வரமூர்த்தி அண்ணன் வீட்டு வாசலில் ஒரு பாய்ச்சுருளும் ஒரு மர பெஞ்சும் நின்றன. ராசாத்தாக்கா எதையும் வெளியே வைக்கவில்லை. தன்னிடம் இருப்பதே ஒரு பெட்டிதான், அதையும் நாடகத்துக்குக் கொடுத்துவிட்டுச் சேலைக்கு எங்கே போவது என்று அம்மாவிடம் சொன்னாராம். ஆனால் எங்கே போகிறீர்கள் என்று ஜன்னத்தக்கா கேட்டபோது, தம்பி வீடு பல்லடத்தில் இருக்கிறது என்று அவரும் சொல்லிவிட்டார். அவருக்குத் தம்பி கிடையாது.

இரண்டாவது வீட்டில் மட்டும் உண்மையாகவே சாமான் கட்டினார்கள். வஹீது மாமா சாப்பாட்டு நேரத்தில் வொர்க்‌ஷாப்பிலிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு பார்க்கப் போவார். பிப்ரவரியில் எங்கள் ஊரில் வரிசையாகக் குண்டுகள் வெடித்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் பையைப் பார்க்கிற காலம். சிங்காநல்லூர் சுற்றுவட்டத்தில் ஏழு வீடு பார்த்தார். ஏழு இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், இரண்டு இடத்தில் மோர் கொடுத்தார்கள். பெயரைக் கேட்டபிறகு ஒரு வீட்டுக்கு ஊரிலிருந்து ஒறம்பரை, சொந்தபந்தம், வந்து தங்கப்போவது நினைவுக்கு வந்தது. இன்னொன்று மகளுக்காக வைத்திருந்தது. ஒன்றை விற்கப்போகிறார்களாம். இதையெல்லாம் ஜன்னத்தக்கா அம்மாவிடம் சொன்னபோது அம்மா முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். காம்புகளும் கீரையோடு சேர்ந்து விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை நிதா புத்தகத்தோடு வந்தாள். ஒரு சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியவில்லை என்றாள். இடப்பக்கம் எத்தனை அணுவோ வலப்பக்கமும் அத்தனை, எதுவும் காணாமல் போகக்கூடாது என்று நூறு தடவை அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று எனக்கே வரவில்லை. அவள் பென்சிலை வாங்கிக்கொண்டு தானே போட்டுவிட்டாள். தங்கள் ஆட்கள் இருக்கிற உக்கடத்துப் பக்கம்தான் வீடு கிடைக்கும் போலிருக்கிறது என்றாள். காலையில் ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ், பஸ் பிடித்து வரவேண்டும், அம்மா தனியாக அனுப்பப் பயப்படுகிறாள், அதிலும் இந்தச் சமயத்தில். பள்ளிக்கூடத்தையே நிறுத்திவிடுவாளோ என்று அவளுக்குப் பயம்.

"நீங்க எங்கக்கா போறீங்க?"

இன்னும் முடிவாகவில்லை என்றேன்.

"உங்களுக்கு ஏனுங்க்கா இப்புடி வேர்க்குது? ஃபேன் ஓடுதே."

அவள் போனபிறகு வெகுநேரம் அந்தப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெடு முடிய நூறு மணி நேரத்துக்குக் குறைவாகவே இருந்தது. சட்டப் புத்தகத்தில் பார்த்தது எனக்கு அப்படியே நினைவிருந்தது. நாலு பேர் சேர்ந்து நின்றால் மட்டும்தான் பதினைந்து நாள் என்று அதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கேட்டாலும் பதினைந்து நாள்தான். இந்த மாதம் முடியும்வரை அவர்களை யாரும் அசைக்க முடியாது, அதற்குப் பிறகும் இருக்க வழி இருந்தது. ஆனால் தன்னை மட்டும்தான் போகச் சொல்கிறார்கள் என்று தெரியாத மனிதர் ஏன் கேட்கப்போகிறார்?

செவ்வாய்க்கிழமை மாலை வஹீது மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தனை நாளில் முதல் தடவையாக முகம் தெளிவாக இருந்தது. உக்கடத்தில் குளத்துக்கு இந்தப் பக்கம் உமர் பாரூக் என்பவரின் வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன். கீழே தனக்கு எடுத்துக்கொண்டாராம். மேலே எங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறாராம். உமர் பாரூக் முதலில் யோசித்திருக்கிறார், இந்த நேரத்தில் வேறு ஆட்களைக் குடிவைத்தால் அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்று. ஒன்பது வருடம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள், நல்லது கெட்டது எல்லாம் என் பொறுப்பு என்று மாமா பேசி முடித்திருக்கிறார். மேலே நல்ல காற்று வரும், நான் வேலைக்குப் போக வாசலிலேயே பஸ் என்று என்னைப் பார்த்தும் சொன்னார்.

அப்பா நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டிருந்தார். மாமா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சொல்றனுங்க அரங்கசாமியண்ணே. ஏழு ஊட்டுல இல்லேன்னாங்க. ஏன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும். ஆனா நம்ம ஊட்டுக்காரர் அப்புடியில்ல. எல்லாத்தையும்தான் போகச் சொன்னாரு. உங்ககூட ஒண்ணாப் போறோம் பாருங்க, அதனால எனக்கு வெசனமே இல்ல."

அடுப்படியில் ஏதோ விழுந்தது. அம்மா எட்டிப் பார்க்கவில்லை. அப்பா, "பாக்கலாமுங்க பாய்" என்றார்.

எங்கள் ஊரில் பாக்கலாமுங்க என்றால் இல்லை என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் மனம் நோகாமல் இல்லை என்று சொல்ல அதைவிட நல்ல வழி யாருக்கும் தெரியாது. கடன் கேட்டால், கல்யாணத்துக்குப் பெண் கேட்டால், ஒரு நாள் லீவு கேட்டால், எல்லாவற்றுக்கும் அதுதான். மாமாவும் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவருக்கும் அது தெரியும். ஆனால் இரண்டே நாளில் தெருவுக்கு வரப்போகிற குடும்பம் இல்லை என்று சொல்லும் என்று அவர் எப்படி நினைப்பார்? அப்பா கூச்சப்படுகிறார் என்று எடுத்துக்கொண்டார். அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு, வியாழக்கிழமை காலையில் டெம்போ சொல்லிவிடுகிறேன் என்று எழுந்து போனார். அப்பா அவரைக் கூப்பிடவில்லை.

இப்போது சொன்னால் என்ன ஆகும் என்று நான் அதுவரை வேறு மாதிரி நினைத்திருந்தேன். சொன்னால் எங்களுக்கு வீடு போகும், அவர்களுக்கு வீடு மிஞ்சும் என்பது என் கணக்கு. அந்தக் காபிக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. எல்லோரோடும் ஒன்றாகப் போகிறோம் என்பது அவரிடம் மிச்சமிருந்த ஒரே ஆறுதல். அதையும் நான்தான் பிடுங்கவேண்டும். அதனால் சொல்லாமலே இருந்துவிடுவதுதான் நல்லது என்று ஒருநாள் முழுக்க என்னை நானே நம்பவைத்தேன். சென்னகேசவனும் இப்படித்தான் நினைத்திருப்பார். மூஞ்சியைப் பார்த்து எப்படிச் சொல்வது, பாவம், தெரியாமல் போனால் அவருக்கும் நல்லதுதானே. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு உடம்பு கூசியது.

புதன்கிழமை துவைக்கிற கல்லருகே ஜன்னத்தக்கா தனியாக இருந்தார். சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவர் மருதாணிச் செடியில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டிருந்தார். இடிக்கும்போது இது எப்படியும் போய்விடும், மாடியில் ஒரு தொட்டியில் நட்டுக்கொள் என்று என்னிடம் நீட்டினார். என் கை அதை வாங்கிக்கொண்டது. வாய் வரவில்லை. வீட்டுக்குள் வந்து அதைத் தண்ணீரில்கூட வைக்காமல் ஜன்னலில் போட்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு டெம்போ வந்தது. கெடுவுக்கு இன்னும் பதினோரு மணி நேரம் இருந்தது. சென்னகேசவனும் வந்திருந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் நாமம், கையில் ஒன்றுமில்லை. கேட்டருகே நின்று, எல்லோருக்கும் கும்பிடு போட்டார். கனகம் ஒரு பெரிய ஃபிளாஸ்க்கில் காபி கொண்டுவந்து, எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஜன்னத்தக்காவுக்கு முதலில் கொடுத்தார். அலைச்சலில் இளைச்சுப் போயிட்டீங்க என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஜன்னத்தக்காவின் கண் நிறைந்தது. இந்த மாதிரி வீட்டுக்காரம்மா எங்கே கிடைப்பாங்க என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். ஈஸ்வரமூர்த்தி அண்ணனுக்கு அன்று காலை டூட்டி இல்லை. ஆனாலும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், எந்த நேரமும் கிளம்பிவிடுகிறவர்போல. ராசாத்தாக்கா கதவைத் திறக்கவே இல்லை.

வஹீது மாமா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டிரைவரிடம் எதை முதலில் ஏற்றவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுச் சாமான்கள் வாசலில் வரிசையாக இருந்தன. பீரோ, தையல் மிஷின், நிதாவின் புத்தக மூட்டை, துணியில் சுற்றிய காயில் கட்டுகிற மரச்சட்டங்கள். டிரைவர் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். மாமா அவரைத் தடுத்தார்.

"இது பொறவு. மொத நடை அரங்கசாமியண்ணன் சாமான். நாளைக்கு ஆடி பொறக்குது, அதுக்குள்ள அவங்க அங்க போய்ப் பால் காய்ச்சோணும். எங்களுக்கு ஆடியெல்லாம் இல்லீங்க, நாங்க சாயந்திரமாக்கூடப் போயிக்கலாம்."

"இல்லீங்க பாய், நாங்க மெதுவா..." என்றார் அப்பா.

"என்னங்கண்ணே மெதுவா? நல்ல நேரம் போயிருமில்ல" என்று மாமா சிரித்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்தார். சென்னகேசவன் கேட்டின் கொக்கியை மாட்டுவதும் எடுப்பதுமாக இருந்தார். அவர் முகம் தரையைப் பார்த்திருந்தது. அதில் வெட்கம் இருந்ததா என்று நான் தேடினேன். இருந்தாலும் அது யாருக்கு என்ன உதவி?

மாமா பெரிய பெட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார். கனமான மோட்டார்களைத் தூக்கிப் பழகியவர், முட்டியை மடக்கி, மூச்சைப் பிடித்து எழுந்தார். பெட்டி அவர் கையோடு சட்டென்று மேலே வந்துவிட்டது. அவர் ஒரு அடி பின்னால் தடுமாறினார். உள்ளே ஒரே ஒரு கரண்டி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு உருண்டது. லைன் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது. அவர் பெட்டியை லேசாக ஆட்டிப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவைப் பார்த்தார். கேட்டருகே நின்றவரைப் பார்த்தார். கேட்பதற்கு ஏதோ இருந்தது அவர் முகத்தில். யாரைக் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

டெம்போவின் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் படியிலிருந்து இறங்கி அவர் எதிரில் போய் நின்றேன். கேட்டருகே இருப்பவருக்கும் கேட்கவேண்டும் என்று என் குரலை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தினேன்.

"அதைக் கீழ வைங்க மாமா. நாங்க போகலீங்க. ஈஸ்வரமூர்த்தியண்ணன் போகல, ராசாத்தாக்கா போகல. ஊடும் இடிக்கல. போகச் சொன்னது உங்களை மட்டுந்தானுங்க."

அவர் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. அதைப் பிடித்தபடியே கேட்டருகே நின்றவர் பக்கம் திரும்பினார்.